ஓர் இயந்திரம் பலவாகிய வரலாறு

காவிரியின் கடைமடையில் வாழ்பவர்களுக்கு ஓர் உண்மையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பொருள் ஒன்றாகவும் அதனை வேண்டுவோர் பலராகவும் இருந்தால், அங்கே முறை என்ற ஒன்று தோன்றியே தீரும். வாய்க்காலில் வரும் நீர் குறைவாயின், இன்று மேலை வயலுக்கு, நாளை கீழை வயலுக்கு என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். தன் முறை வந்த உழவன் மண்வெட்டியோடு வரப்பில் நிற்கும்போது, அந்த வாய்க்கால் முழுவதும் அவனுடையதே. முறை முடிந்ததும் அது அடுத்தவனுடையது. வாய்க்கால் ஒன்றுதான், ஆயினும் ஒவ்வொருவனுக்கும் அவன் முறையில் அது முழு வாய்க்கால்.

இந்த முறைப்பாசனத்தின் தத்துவமே அறுபது ஆண்டுகளுக்கு முன் கணினி உலகிலும் புகுந்தது. அதன் பயனாகப் பிறந்ததுதான் ‘மெய்நிகர் இயந்திரம்’ என்று இன்று தமிழில் வழங்கும் பொருள். ஒரே கணினிக்குள், தனித்தனிக் கணினிகள் போலவே இயங்கும் பல இயந்திரங்களை மென்பொருளால் அமைத்துக்கொள்வது அது. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியில் ஒரு புதிய மென்பொருளை அச்சமின்றிச் செய்து பார்க்கவும், செய்து முடித்ததைத் தொலைவில் உள்ள மேகக் கணினியில் பிறருக்குக் காட்டவும் இந்நாளில் பயன்படுவது இதுவே. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மறக்கப்பட்டது, மீண்டும் எவ்வாறு எழுந்தது, அதனை அமைத்துக்கொள்பவர் கருத்தில் கொள்ள வேண்டியவை யாவை என்பவற்றைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் அந்தக் காலத்து நிலைமையை மனக்கண் முன் கொண்டு வருவோம். 1960-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கணினி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் பேரியந்திரம். அதன் விலையோ ஒரு பல்கலைக்கழகமும் எளிதில் தாங்க இயலாத அளவு. நம் நாட்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்தது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பெற்றது. ஒரு கழகம் முழுவதற்கும் ஒரே இயந்திரம்! மாணவர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, அட்டைக் கட்டினைச் சாளரத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை அச்சாகி வரும்போது, ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி பிழைபட்டது என்று மட்டும் அதில் கண்டிருக்கும். பிழையைத் திருத்தி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். பிழை செய்வது விலையுயர்ந்த செயலாக இருந்த காலம் அது.

இந்தக் காத்திருப்பை ஒழிக்க எண்ணியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோ. அவரும் அவர்தம் குழுவினரும் 1961 நவம்பரில், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். கணினியின் நேரத்தை நொடியினும் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டாக மாற்றி மாற்றித் தந்தார்கள். மனிதன் ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் இயந்திரம் பலருடைய வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் கணினி தமக்கே உரியது என்று எண்ணிக்கொண்டனர். நேரப் பங்கீடு எனப்படும் இது, முன்னர்ச் சொன்ன முறைப்பாசனமே அன்றி வேறில்லை.

எனினும் இதில் ஒரு குறை இருந்தது. நேரம் பங்கிடப்பட்டதே தவிர, எல்லோரும் வாழ்ந்தது ஒரே வீட்டில். இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருள் அனைவர்க்கும் பொது. அந்த இயங்குதளத்தையே மாற்றிச் செய்து பார்க்க விரும்பும் ஒருவர் என் செய்வார்? அவர் கை தவறினால் வீடு முழுவதும் இடியும். அத்தனை பேர் வேலையும் கெடும். ஆதலின் அத்தகையோர் ஏனையோர் உறங்கும் நள்ளிரவில், முழு இயந்திரத்தையும் தமக்கென்று கேட்டுப் பெற்றுத்தான் சோதனை செய்ய வேண்டியிருந்தது.

இந்த இடர்ப்பாட்டுக்கு விடை கண்டது ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய அறிவியல் மையம். நார்மன் ராஸ்முசன் அதன் தலைவர். ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ முதலியோர் அங்கே ஒரு புதிய வழியைச் சிந்தித்தனர். ஒரே வீட்டில் பலரைக் குடிவைப்பதை விட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வீட்டையே, அதாவது ஒரு முழுக் கணினியின் தோற்றத்தையே தந்துவிட்டால் என்ன? சிறப்பாக மாற்றியமைத்த சிஸ்டம்/360 மாடல் 40 என்னும் இயந்திரத்தில், சி.பி.-40 என்ற பெயரில் அவர்கள் அமைத்த மென்பொருள் 1967 ஜனவரியில் முறையான பயன்பாட்டுக்கு வந்தது. அது 14 மெய்நிகர் இயந்திரங்களை ஒரே வேளையில் இயக்கிற்று. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம் இருப்பதாகக் காட்டிற்று. உள்ளே இருந்த பயனருக்கு அது தோற்றமன்று; ஒரு முழுக் கணினியே. அதில் தமக்கு விருப்பமான இயங்குதளத்தை ஏற்றலாம், இறக்கலாம், குலைத்தும் பார்க்கலாம். அண்டை இயந்திரத்தில் பணிபுரிபவருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை.

சி.பி.-40-ஐத் தொடர்ந்து சி.பி.-67 வந்தது. 1972 ஆகஸ்டு 2 அன்று ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்ற பெயரில் இதனைத் தன் முறையான சரக்காகவே அறிவித்தது. நள்ளிரவுக் காவல் ஒழிந்தது. புதிய இயங்குதளத்தைச் செய்பவர் பட்டப்பகலில், பலரும் பணிபுரியும் அதே இயந்திரத்தில், தமக்கென ஓர் இயந்திரத்தை அமைத்துச் சோதிக்கலாயினர். உலோகத்தில் இன்னும் வார்த்து முடியாத புதுக் கணினி ஒன்றினைப் பழைய கணினிக்குள் மெய்நிகராக அமைத்து, அதற்குரிய மென்பொருளை முன்னதாகவே ஆக்கிக்கொண்டதும் அக்காலத்தில் நிகழ்ந்தது. கட்டடம் எழுவதற்கு முன்பே அதனுள் குடியிருந்து பார்ப்பது போன்ற வியப்பு அது.

1974-இல் ஜெரால்டு பொபெக், ராபர்ட் கோல்டுபெர்க் என்னும் இருவர் இதற்கு இலக்கணம் வகுத்தனர். ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு மூன்று இயல்புகள் வேண்டும் என்றனர். முதலாவது, ஒப்புமை. உள்ளே ஓடும் நிரல், கால வேறுபாடு நீங்கலாக, மெய்யான இயந்திரத்தில் ஓடுவது போலவே ஓட வேண்டும். இரண்டாவது, திறன். பெரும்பாலான ஆணைகள் இடையே எவரும் குறுக்கிடாமல் செயலியில் நேரடியாகவே நிறைவேற வேண்டும். மூன்றாவது, ஆட்சி. நினைவகம் முதலிய வளங்கள் அனைத்தும், இன்று ஹைப்பர்வைசர் எனப்படும் கண்காணி நிரலின் கையிலேயே இருக்க வேண்டும். உள்ளிருக்கும் இயந்திரம் தானாக எதனையும் கவர்ந்துகொள்ளலாகாது.

தலத்தெருவில் வாழும் எனக்கு இந்த மூன்று இலக்கணங்களையும் எண்ணும்போது காரைக்காலின் வரலாறே நினைவுக்கு வருகிறது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர்ப் பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. சூழ நின்றதோ தஞ்சை மாவட்டம். மண் ஒன்று, மொழி ஒன்று, விளையும் நெல்லும் ஒன்று. ஆனால் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு சட்டம், வேறு நீதிமன்றம், வேறு ஆட்சிமொழி. ஒரு நிலப்பரப்பினுள் மற்றொரு நாடு முழுமையாக இயங்கிற்று, இது ஒப்புமை. வயலில் விதைப்பதற்கும் அறுப்பதற்கும் பாரிசைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, இது திறன். ஆனால் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் வரும் நீரின் தலைமதகு என்றும் நம் எல்லைக்குள் இருந்ததில்லை, இது ஆட்சி. உள்ளே எத்துணை உரிமை இருப்பினும், அடியில் உள்ள வளம் யார் கையில் என்ற கேள்வி தனியே நிற்கிறது. இந்தக் கேள்விக்குப் பின்னர் வருவேன்.

வி.எம்./370 அயல்நாடுகளில் வேரூன்றிய அதே பத்தாண்டில் நம் நாட்டில் வேறொன்று நிகழ்ந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அயல்நாட்டு நிறுவனங்கள் தம் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு இசையாத ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு நீங்கியது. அதன் கணினிகளைப் பேணும் பொறுப்பு சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்தைச் சார்ந்தது. பின்னர் 1980-களில் மேசைக்கணினி தோன்றிப் பரவிற்று. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி என்றான பிறகு, ஒன்றைப் பலவாக்கும் கலைக்கு யாது தேவை? பெருமழை பெய்த ஆண்டில் முறைப்பாசனத்தை யார் நினைக்கிறார்கள்? மெய்நிகர் இயந்திரம் பேரியந்திரங்கள் இருந்த சில கூடங்களில் மட்டும் வாழ்ந்து, ஏனையோரால் மறக்கப்பட்டது.

ஆனால் அந்தப் பெருமழை எல்லா நிலத்திலும் பெய்யவில்லை. 1990-களில் நம் பள்ளிகளுக்குக் கணினி வந்தபோது அது எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதை என் போன்ற ஆசிரியர் அறிவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைய வேண்டிய தனி அறை. கணினியின் மேல் துணி உறை. சுவரில் ‘அனுமதியின்றித் தொடாதீர்கள்’ என்ற அறிவிப்பு. நாற்பது மாணவருக்கு நான்கைந்து கணினிகள். ஆசிரியர் தொட்டுக் காட்டுவார். மாணவர் எட்ட நின்று பார்ப்பர். ஏதேனும் கெட்டுவிட்டால் சீர் செய்ய மாவட்டத் தலைநகரிலிருந்து ஆள் வர வேண்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அட்டைத் துளை காலத்து மாணவன் பிழை செய்ய அஞ்சியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. தொடாமல் நீந்தக் கற்பார் உண்டோ? குளத்தைப் பூட்டி வைத்துவிட்டு நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம் என்றே சொல்ல வேண்டும்.

இந்த நிலையில்தான் பழைய கலை மீண்டும் உயிர் பெற்றது. ஆயின் வழி எளிதாக இல்லை. மேசைக்கணினிகளில் பெரும்பாலும் இருந்த இன்டெல் வகைச் செயலி, பொபெக்கும் கோல்டுபெர்க்கும் வகுத்த இலக்கணத்துக்கு அடங்குவதாக அமையவில்லை. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பென்டியம் செயலியின் ஏறத்தாழ 250 ஆணைகளில் 17 ஆணைகள் இவ்வாறு அடங்காதவை என்று எடுத்துக்காட்டிற்று. அந்த 17-ம் கண்காணி நிரலுக்குத் தெரியாமல் நழுவிச் செல்பவை. அல்லது உள்ளிருக்கும் இயந்திரத்துக்கு அது மெய்யான இயந்திரம் அன்று என்று காட்டிக்கொடுப்பவை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம் என்னும் பேராசிரியர் தம் மாணவர்களோடு சேர்ந்து 1997-இல் ‘டிஸ்கோ’ என்னும் ஆராய்ச்சியை வெளியிட்டுப் பழைய கருத்தைப் புதுப்பித்தார். அடுத்த ஆண்டில் டயேன் கிரீனும் அவரும் இன்னும் மூவரும் இணைந்து வி.எம்.வேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அடங்காத ஆணைகளை ஓடும் வேளையிலேயே கண்டு, அடங்கும் ஆணைகளாக மொழிபெயர்த்துக் கொடுப்பது அவர்கள் கண்ட உத்தி. அதன் பயனாக 1999-இல் சாதாரண மேசைக்கணினியிலும் மெய்நிகர் இயந்திரம் ஓடலாயிற்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2003-இல் ‘ஜென்’ என்பதை வெளியிட்டனர். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் செயலியிலேயே இதற்கு வழிசெய்தன. 2007-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே கே.வி.எம். என்னும் பகுதி சேர்ந்தது. ஜெர்மனியில் தோன்றிய வெர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளும் அதே ஆண்டில் திறந்த மூலமாக வெளிவந்து, எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாயிற்று. பேரியந்திரக் கூடத்தில் பிறந்த கலை, பள்ளி மேசைக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

இனி, இதனை அமைக்கும் முறையைச் சிறிது காண்போம். தாங்கி நிற்கும் மெய்க்கணினியை ‘ஹோஸ்ட்’ என்றும், அதனுள் குடிபுகும் மெய்நிகர் இயந்திரத்தைக் ‘கெஸ்ட்’ என்றும் தொழிலில் வழங்குவர். தாங்கும் கணினி, விருந்தினர் இயந்திரம் என்று நாம் கூறலாம். அமைப்பது என்பது பெரும்பாலும் பங்கிடுவதே. இதற்கும் நம் காவிரியே நல்லாசான். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பு ஆண்டுக்கு 740 டி.எம்.சி. நீரைக் கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு, அதாவது நம் காரைக்காலுக்கு, 7 என்று பங்கிட்டது. எஞ்சிய 14-ஐ யாருக்கும் தரவில்லை. அதில் 10 ஆற்றின் உயிர்ச்சூழலுக்கு. 4 தவிர்க்க இயலாது கடலில் சேர்வதற்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கையும் கர்நாடகத்தின் பங்கையும் மாற்றியபோதும் நம் 7 மாறவில்லை. ஆற்றுக்கே ஒரு பங்கு உண்டு என்ற அந்த நெறியைக் கணினியில் பலர் மறந்துவிடுகின்றனர்.

எட்டு ஜிகாபைட் நினைவகம் உடைய ஒரு கணினி இருப்பதாகக் கொள்வோம். அதில் தலைக்கு நான்கு ஜிகாபைட் என இரண்டு விருந்தினர்க்குக் கொடுத்துவிட்டால், தாங்கும் கணினிக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. அது நினைவகத்துக்கு மாற்றாக வட்டினைப் பயன்படுத்தத் தொடங்கும். எல்லாம் நத்தை வேகத்தில் ஊரும். தலைக்கு இரண்டு கொடுத்து நான்கினைத் தாங்கும் கணினிக்கு விட்டால் மூன்றும் நன்கு இயங்கும். செயலியின் கருக்களைப் பங்கிடும்போதும் இதுவே நெறி. வட்டின் நிலை சிறிது வேறு. நாற்பது ஜிகாபைட் என்று விருந்தினருக்கு வாக்களித்து, அவர் பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் இடம் பிடிக்குமாறு அமைக்கலாம். இது வசதியே. ஆனால் கையில் உள்ளதை விட மிகுதியாகப் பலருக்கும் வாக்களித்து, எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைமடைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வலையமைப்பில் இரு வழிகள் பெருவழக்கு. ஒன்று, தாங்கும் கணினியின் முகவரி வழியாகவே விருந்தினர் வெளியே செல்வது. வேற்றூரில் தங்கியிருப்பவர் வீட்டுக்காரரின் பெயரை மேற்பார்வையிட்டுக் கடிதப் போக்குவரத்து நடத்துவது போன்றது இது. வெளியார் நேரே உள்ளே வர இயலாது; கற்பவர்க்குப் பாதுகாப்பானது. மற்றொன்று, விருந்தினருக்கே தெருவில் தனிக்கதவு வைப்பது. அதே வலையமைப்பில் உள்ள பிறர் அதனை நேரே அடையலாம். காரணமின்றித் தனிக்கதவு வைக்காதிருப்பது நலம்.

மாணவனுக்கு இவை யாவற்றினும் சிறந்த கருவி ‘ஸ்னாப்ஷாட்’ என்பது. இயந்திரத்தின் இந்நொடி நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் எத்துணைக் குழப்பம் விளைந்தாலும் அந்நிலைக்கே திரும்பிவிடலாம். கரும்பலகையில் எழுதி அழிப்பது போல், ஓர் இயங்குதளத்தையே எழுதி அழிக்கலாம். சுவரில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘தொட்டுப் பாருங்கள்’ என்று எழுதத் துணிவு தந்தது இதுவே. ஆயினும் ஸ்னாப்ஷாட் காப்புப்பிரதி ஆகாது. அது அதே வட்டில் இருப்பது. வட்டு அழிந்தால் அதுவும் அழியும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. ஒரே இடத்தில் வைத்த பொருள் பாதுகாக்கப்பட்ட பொருள் அன்று என்பதை நாம் மறக்கலாகாது.

2010-இல் மிட்செல் ஹஷிமோட்டோ என்னும் இளைஞர் ‘வேக்ரண்ட்’ என்ற கருவியை வெளியிட்டார். ஓர் இயந்திரத்துக்கு வேண்டிய நினைவகம், வலையமைப்பு, மென்பொருள்கள் ஆகிய அனைத்தையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தால், அந்தக் குறிப்பின்படி அது இயந்திரத்தை அமைத்துத் தரும். ‘என் கணினியில் ஓடுகிறதே, உன் கணினியில் ஏன் ஓடவில்லை?’ என்ற பழைய வழக்குக்கு இது ஒரு தீர்ப்பு. இயந்திரத்தையே தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. குறிப்பை அனுப்பினால் போதும். 2013-இல் வந்த டாக்கர் இன்னும் எடை குறைந்த வழியைப் பரப்பிற்று. அது தனிவீடன்று, ஒரே இயங்குதளக் கருவினைப் பகிர்ந்துகொண்டு அறைகளை மட்டும் தடுத்துக்கொள்ளும் முறை.

இதுவரை கூறியது சொந்த மேசையில் நிகழ்வது. செய்து பார்த்ததைப் பிறருக்குக் காட்ட வேண்டுமாயின்? அங்கேதான் மேகக் கணினி வருகிறது. 2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் ‘ஈ.சி.2’ என்ற பெயரில் மெய்நிகர் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. அதனை ஆக்கிய குழு பணிபுரிந்தது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில். முதலில் தந்த இயந்திரத்துக்கு மணிக்குப் பத்து சென்ட் வாடகை. விதைநெல்லுக்கு வழியில்லாதவனுக்கு ஏர்மாடு மணிக்கணக்கில் கிடைத்தது போலாயிற்று. நம் நாட்டில் மத்திய அரசின் மேகராஜ் திட்டத்தின் கீழ்த் தேசிய மேகம் 2014-இல் தொடங்கப்பெற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் புனே, மும்பை ஆகியவற்றோடு சென்னையிலும் தன் மேகக் கூடத்தை அமைத்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கு வந்தது. மேகம் என்ற பெயர் கேட்டு அது வானில் உள்ளது என்று எண்ண வேண்டா. அது சென்னையிலோ மும்பையிலோ மின்சாரம் உண்டு, நீரால் குளிர்ந்து, பூட்டிய கூடத்தில் நிற்கும் இரும்புப் பேழைகளே.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் ‘மாதிரிப் பாடம்’ என்பதை அறிவார்கள். பயிற்சிப் பள்ளியின் அருகே ஒரு மாதிரிப் பள்ளி இருக்கும். அங்கே பாடம் நடத்திக் காட்டுவதற்கு ஐந்து விதிகளை நாங்கள் கற்றோம். மேகத்தில் ஒரு காட்சி இயந்திரத்தை அமைப்பவர்க்கும் அவை அப்படியே பொருந்தும். ஒன்று, ஒத்திகையில் பயன்படுத்திய துணைக்கருவிகளையே காட்சியிலும் பயன்படுத்துக. மேசையில் ஒரு பதிப்பும் மேகத்தில் மற்றொரு பதிப்புமாக இருத்தல் கூடாது. செயலியின் குலமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டு, உண்மையான மாணவரின் குறைகளைப் பார்வையாளர் முன் எடுத்துரையாதே. உண்மையான மக்களின் பெயரும் எண்ணும் காட்சி இயந்திரத்தில் இருத்தல் ஆகாது. கற்பனைப் பெயர்களே போதும். மூன்று, நேரத்துக்குள் முடி. நான்கு, முடித்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் செல்க. மேகத்தில் துடைக்காமல் விட்ட இயந்திரம் இரவும் பகலும் வாடகையைக் கூட்டிக்கொண்டே நிற்கும். ஐந்து, வகுப்பறைக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ. எளிய கடவுச்சொல்லோடு திறந்து கிடக்கும் இயந்திரத்தைத் தேடி அலைவோர் உலகெங்கும் உள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மெய்நிகர் இயந்திரங்களுக்கு இடையே உள்ள சுவர் வலியதுதான், ஆயினும் முழுமையானதன்று. வரப்பு எவ்வளவு உயர்ந்தாலும் நண்டு வளை ஒன்று இருந்தால் நீர் அடுத்த வயலுக்குப் போகும் அன்றோ? 2015-இல் ‘வெனம்’ என்று பெயரிடப்பட்ட ஒரு குறை வெளிப்பட்டது. எவரும் பயன்படுத்தாது மறந்துபோன நெகிழ்வட்டு இயக்கியைப் போலச் செய்யும் நிரற்பகுதியில், 2004 முதல் அது ஒளிந்திருந்தது. அதன் வழியே ஒரு விருந்தினர் சுவரைத் தாண்டித் தாங்கும் கணினிக்குள் நுழைய இடமிருந்தது. 2018 ஜனவரியில் செயலிகளிலேயே இருந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகள் வெளிவந்தன. இரண்டும் திருத்தங்களால் பெரிதும் தடுக்கப்பட்டன. வரப்பை அவ்வப்போது அணைத்துக் கட்டுவது போலக் கண்காணி நிரலையும் புதுப்பித்துவர வேண்டும் என்பதே பாடம்.

இனி, நான் முன்னே நிறுத்தி வைத்த கேள்விக்கு வருகிறேன். அடியில் உள்ள வளம் யார் கையில்? 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தைப் பிராட்காம் என்னும் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. ஒருமுறை விலை கொடுத்தால் என்றும் பயன்படுத்தலாம் என்றிருந்த உரிமங்களின் விற்பனையை உடனே நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றிற்று. அதனை நம்பியிருந்த நிறுவனங்கள் பலவும் செலவு பன்மடங்கு கூடியதெனக் குறை கூறின. சில வேறு வழி தேடின. மேகத்திலும் ‘முதலில் இலவசம்’ என்று தருவது காலவரையறை உடையது. தலைமதகு பிறர் கையில் இருக்கும் நிலத்தில் பயிர் செய்பவர்கள் நாம். நீர் வரும்போது பயன்படுத்திக்கொள்வது அறிவுடைமை; அது என்றும் வரும் என்று இறுமாந்திருப்பது அறிவுடைமை ஆகாது. ஊருக்குள் ஒரு குளத்தையும் தூர் வாரி வைத்திருக்க வேண்டும்.

அந்தக் குளம் எது? பள்ளியில் உள்ள பழைய கணினியில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ், கே.வி.எம்., வெர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவற்றைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்ளும் மெய்நிகர் இயந்திரமே அது. பத்து புதுக்கணினி வாங்க வழியில்லாத பள்ளியிலும், இருக்கும் ஒன்றில் மூன்று அமைக்கலாம். ஒன்றில் ஒரு மாணவி வலைத்தளச் சேவையகத்தை நிறுவிப் பார்க்கட்டும். மற்றொன்றில் ஒருவன் அதனைக் குலைத்துப் பார்க்கட்டும். மூன்றாவது எப்போதும் நல்ல நிலையில் நிற்கட்டும். மேசையில் நன்கு ஓடியதை மட்டும் மேகத்துக்கு அனுப்பி, ஊராருக்குக் காட்டிவிட்டு அணைத்துவிடலாம். செலவு சில மணி நேர வாடகையே. நம் மாவட்டத்தில் 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இன்று திருவேட்டக்குடியில் நடைபெறுகிறது. ஆனால் அதன் வாயிலை அடையும் முன்பே, சிற்றூர்ப் பள்ளியிலேயே ஒரு மாணவன் ஓர் இயங்குதளத்தைப் பத்து முறை கெடுத்து, பத்து முறை எழுப்பியிருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வரலாற்றின் போக்கைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மெய்நிகர் இயந்திரம் செல்வச் செழிப்பில் பிறந்ததன்று. ஒன்றே இருந்த இடத்தில், பலரும் பிறர்க்குத் தீங்கின்றிப் பிழை செய்து கற்க வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. தட்டுப்பாட்டின் பிள்ளை அது. ஆகவே தட்டுப்பாடு உள்ள இடத்துக்கே அது முதலில் உரியது. உறை போட்டு மூடிய கணினிகளின் காலம் முடிந்துவிட்டது. கற்பவர் கைபட்டுக் கெடட்டும்; கெட்டதை அவர் கையே திருத்தட்டும். அதற்கான இடத்தை அமைத்துக் கொடுப்பதே இன்றைய ஆசிரியர்தம் கடமை என்று கூறி அமைகிறேன்.